பூக்கட்டிப் பார்த்த செவ்வாய்க்கிழமை

எங்கள் ஊரில் நடந்தவற்றை நாள் கிழமையோடு குறித்து வைப்பது என் பழக்கம். ஆற்றில் வெள்ளம் வந்த நாள், முதல் பஸ் ஊருக்குள் நுழைந்த நாள், பள்ளிக்கூடத்துக்கு ஓடு வேய்ந்த நாள் என்று ஏழு நோட்டுகள் நிறைந்திருக்கின்றன. இந்த ஒன்றை மட்டும் எதிலும் எழுதவில்லை. மறந்துபோகும் என்ற பயம் உள்ளதைத்தானே எழுதி வைக்கிறோம்.

சுபானு வருஷம், ஐப்பசி மாதம், தீபாவளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. புரட்டாசிக் கடைசி என்று என் அண்ணன் சாதிப்பார். அது தவறு. தீபாவளிக்கு எண்ணெய் கிடைக்காமல் அம்மா தேனிக்கு ஆள் அனுப்பியிருந்தாள்; போனவர் காலிச் சீசாவோடு திரும்பி வந்தபோது நான் கோயிலுக்குக் கிளம்பத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். வறண்ட தலையைச் சீப்பு இழுத்த வலி நினைவிருக்கிறது. ஆகவே ஐப்பசிதான். எனக்கு ஒன்பது வயது.

சின்னமனூர்ப் பக்கம், முல்லையாற்றின் கரையில் எங்கள் ஊர். இக்கரையில் நாங்கள், வாய்க்கால் தண்ணீர் பாயும் நஞ்சை. அக்கரையில் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. அங்கிருந்து மலையடிவாரம் வரை வானம் பார்த்த புஞ்சை. இரண்டு வருஷம் மழை பொய்த்து அவர்கள் சோளம் கருகிப் போயிருந்தது. யுத்தத்தினால் பர்மா அரிசி வருவதும் நின்றிருந்தது. எங்கள் கரையில் இரண்டு வேளைச் சாப்பாடு ஒரு வேளையானது. அக்கரையில் உடம்பில் தெம்பிருந்த ஆணும் பெண்ணும் ஏலத்தோட்டத்து வேலைக்கு மலையேறிவிட்டார்கள். வயதானவர்களும் பிள்ளைகளும் மிஞ்சினார்கள்.

அந்த நிலையில்தான் தாலுகா கச்சேரியிலிருந்து இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரு கஞ்சித் தொட்டி அனுமதியானது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு வேளை கஞ்சி. தானியம் சர்க்கார் கொடுக்கும். அண்டா, விறகு, ஆள் எல்லாம் ஊர்ப் பொறுப்பு. தொட்டி ஒன்றுதான். அதை எந்தக் கரையில் வைப்பது என்று ஊர்க் கமிட்டி முடிவு செய்ய வேண்டும். கமிட்டியில் ஐந்து பேர், நால்வர் இக்கரை. ஐந்தாமவர் அக்கரைப் பெரியவர் ஒருவர். மலைக்காய்ச்சல் விட்ட நாளில் மட்டும் கம்பு ஊன்றி வருவார். கமிட்டிக்குத் தலைவர் என் பெரியப்பா.

பெரியப்பாவைக் கெட்டவர் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அந்த வருஷம் எங்கள் வீட்டில் வேறு இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். சோறு போட்டவர் அவர்தான். ஆனால் அவருக்கு ஊர் என்றால் அது ஆற்றின் இந்தக் கரையோடு முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். கமிட்டி கூடும் சாவடி பள்ளிக்கூடத்தை ஒட்டியது. சைக்கிளைப் பார்க்க ஜன்னலில் தொற்றிய பிள்ளைகளில் நானும் ராக்காயியும் இருந்தோம். ராக்காயி அக்கரைப் பெண். சிலேட்டைத் தலையில் வைத்துத் தம்பியை இடுப்பில் வைத்து, ஆற்றில் இறங்கிப் பள்ளிக்கு வருவாள். இடுப்பில் தம்பி இல்லாமல் அவளை நான் பார்த்ததில்லை. மூன்று வயதுப் பையன். ஒரு வயதுப் பிள்ளையின் எடைதான் இருந்தான். "இவனுக்கும் ஒரு பேரு எழுதிருவமா ராக்காயி?" என்று வாத்தியார் வருகைப் பதிவை எடுக்கும்போதெல்லாம் கேட்பார்.

சாவடியில் பேச்சு தடித்தது. "ஆளில்லாத ஊர்ல அண்டாவக் கொண்டுபோயி வச்சா யாருய்யா காச்சுவா? தானியத்துக்கு யாரு காவலு?" என்றார் பெரியப்பா.

"ஆளில்லாததுனாலதானப்பா கேக்குறோம்" என்றார் அக்கரைப் பெரியவர். "புள்ளைகதான் கெடக்கு. ஆத்துல தண்ணி வந்துருச்சுன்னா அதுக எப்பிடி வரும்?"

"தண்ணி வர்றப்பப் பாத்துக்கிருவோம்."

இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரர், மூக்குக்கண்ணாடி போட்ட இளைஞர். பேனா மூடியைக் கழற்றியபடி, "கஞ்சி குடிக்கப்போறது பிள்ளைங்க. அவங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார்.

சாவடியே சிரித்தது. "கேட்டா அதுக பாயாசம்ல கேக்கும்!" என்று யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ரிப்போர்ட்டில் எழுத வேண்டும் என்றார். எழுதுவது என்றதும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கேட்டுட்டாப் போச்சு. செவ்வாக்கெழம அம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாப்போம். எடுக்கப்போறது புள்ள கையிதான? புள்ள வாக்கும் ஆச்சு, சாமி வாக்கும் ஆச்சு."

மனிதர்களால் முடிவு செய்ய முடியாததை அம்மனிடம் விடும் வழி அது. ஒரு இலைக்குள் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் வைத்து, சிறு பிள்ளை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். கல்யாணம், நிலம், திருவிழா எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்பதுண்டு. இரு கரைக்கும் அந்த ஒரே அம்மன் என்பதால் அக்கரைப் பெரியவரும் தலையசைத்தார். இன்ஸ்பெக்டருக்கு அது எப்படிப்பட்ட கேள்வி என்று விளங்கியதோ இல்லையோ, குனிந்து எழுதினார்.

ஜன்னலை விட்டு இறங்கியதும் ராக்காயி, "இவுகளுக்கு என்னத்தத் தெரியும்?" என்றாள். "நான் தெனம் காலைல எந்திரிச்சதும் எங்கூர்ல பொகய எண்ணுவேன். போன வாரம் பதினோரு வீட்டுல அடுப்புப் பொக வந்துச்சு. இன்னக்கி நாலு. கெழடுகளுக்கெல்லாம் காச்சலு. அதுகளுக்குத் தண்ணி மோந்து குடுக்குறதே நாங்கதான். தொட்டிய இங்கன வச்சுட்டா, ஆத்துல தண்ணி வர்றப்ப நீந்தி வர நாங்க என்ன அயிர மீனாடி?"

ஆள் இல்லை என்பது தெரிந்தாலும், கமிட்டிக்கு இந்தப் புகைக் கணக்குத் தெரியாது. அவர்கள் கையில் இருந்தது குடும்பத் தலைவர் பட்டியல். மலையேறிப் போன அத்தனை பேரும் அந்தப் பட்டியலில் ஊரிலேயே இருந்தார்கள்.

பூ எடுக்கப்போவது நான்தான் என்று திங்கட்கிழமை மாலை பெரியப்பா சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தத் தைரியத்தில், "பெரியப்பா, அங்கன நாலு வீட்டுலதான் பொக வருதாம். பெரியாளுக யாரும் இல்லயாம். ராக்காயி எண்ணிப் பாத்துருக்கா" என்றேன்.

அவர் என் தாடையைப் பிடித்து ஆட்டினார். "உன்னயக் கைய நீட்டத்தான் ஆத்தா கூப்புட்டோம். வாய நீட்டவா கூப்புட்டோம்?"

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் பிரியமாகத்தான் சொன்னார். அதனால் நானும் சிரித்தேன்.

மறுநாள் விடிந்ததும் ஆற்றங்கரையில் ராக்காயி காத்திருந்தாள். யோசனை அவளுடையது. "பூசாரி பொட்டலம் கட்டுறப்பக் கண்ண எடுக்காத. செவப்பு எந்த எலைக்குள்ள போகுதுன்னு பாத்துக்க. எலையில ஏதாச்சும் ஒரு அடையாளம் இல்லாமயா போயிரும்?"

"அது கள்ளத்தனம்டி. சாமி கண்ணக் குத்திரும்."

"எங்கூரு அம்புட்டுப் புள்ளைகளுக்காகத்தான செய்யுற? அப்பிடியே குத்துனாலும் ஒரு கண்ணத்தான் குத்தும்" என்றாள். தம்பி அவள் தோளில் தலையைப் போட்டிருந்தான்.

கோயிலில் இரு கரை ஆட்களும் இன்ஸ்பெக்டரும் கூடியிருந்தார்கள். "உங்க வீட்டுப் புள்ளயவா எடுக்கச் சொல்றீக?" என்று அக்கரைப் பெரியவர் மெல்லக் கேட்டார். "சாமிக்கு முன்னால எங்க வீடு, உங்க வீடு ஏதுய்யா?" என்றார் பெரியப்பா. பெரியவர் கம்பின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

பூசாரி நந்தியாவட்டை ஒன்றையும் செவ்வரளி ஒன்றையும் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். வெள்ளை வந்தால் இக்கரை, சிவப்பு வந்தால் அக்கரை. இரண்டு பூவரச இலைகளை எடுத்தார். நான் கண் கொட்டவில்லை. சிவப்பு போன இலையின் காம்போரம் புழு அரித்து மிளகளவு ஓட்டை இருந்தது. வாழைநாரால் கட்டினார். இரண்டு பொட்டலங்களையும் தட்டில் வைத்து உள்ளே கொண்டுபோய்த் திரையை இழுத்துவிட்டார். மணி வழக்கத்தைவிட நீளமாக அடித்தது. பிறகு திரை விலகியது. தட்டு வெளியே வந்தது. ஓட்டை இலை வலப்பக்கம் இருந்தது.

"கும்புட்டுட்டு எடு தாயி" என்றார் பூசாரி.

கும்பிட்டேன். வாசலில் நின்ற ராக்காயியைப் பார்த்தேன். ஓட்டை இலையை எடுத்துக் கொடுத்தேன்.

பூசாரி நாரை அவிழ்த்தார். உள்ளே நந்தியாவட்டை.

குலவை எழுந்தது. பெரியப்பா என்னைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். இன்ஸ்பெக்டர் என் கன்னத்தைத் தட்டி, பிள்ளைகளின் அபிப்பிராயமும் கேட்டறியப்பட்டதாகத் தாம் எழுதியிருப்பதை உரக்கப் படித்துக் காட்டினார். அக்கரைக்காரர்கள் அம்மனைக் கும்பிட்டுவிட்டு வரிசையாக ஆற்றை நோக்கி நடந்தார்கள்.

ராக்காயி மட்டும் நின்றாள். "ஓட்ட எலையத்தான எடுத்த?"

"ஆமா."

"அப்புறம் எப்பிடி?"

அவள் தம்பியை இடுப்பில் சரிசெய்துகொண்டு, "உங்க அம்மன் உங்கூர்க்காரிதான" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று முழுவதும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். நான் கள்ளத்தனம் செய்தது அம்மனுக்குத் தெரிந்துவிட்டது. திரைக்குப் பின்னால் சிவப்பை அந்த இலையிலிருந்து எடுத்து மற்ற இலைக்கு மாற்றிவிட்டாள். நேர்மையாகக் கண்ணை மூடி எடுத்திருந்தால் ஒருவேளை சிவப்பே வந்திருக்கும். மறுநாள் காலை மன்னிப்புக் கேட்கக் கோயிலுக்குப் போனேன். பின்புறம், வாடிய மாலைகளைக் கொட்டும் இடத்தில் அந்த இரண்டாவது பொட்டலம் கட்டு அவிழாமல் கிடந்தது. அம்மன் இடம் மாற்றிவைத்த செவ்வரளியைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. நாரைப் பல்லால் கடித்துப் பிரித்தேன்.

அதற்குள்ளும் நந்தியாவட்டைதான். ஓரம் பழுத்திருந்தது, ஆனாலும் வெள்ளை.

அம்மன் பூவை மாற்றவில்லை, வெளுத்துவிட்டாள். நான் எதைத் தொட்டாலும் தப்ப முடியாதபடி இரண்டையும் வெளுத்திருக்கிறாள். என் மேல் அவ்வளவு கோபம்.

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாவடிக்கு எதிரே அண்டா ஏறியது. ஆறு நாள் அக்கரைப் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கலயமும் தகரப் போணியுமாக வந்தார்கள். பெரியவர் துணையில்லாமல் வரும் பிள்ளைகளுக்கு வீட்டுக்குக் கொண்டுபோகக் கஞ்சி தரக்கூடாது, அங்கேயே குடிக்க வேண்டும் என்று கமிட்டி ஒரு விதி போட்டது. கஞ்சியை யாரும் விற்றுவிடக் கூடாதாம். நடக்க முடியாத சிறுசுகளுக்காக ராக்காயி கஞ்சியை வாய் நிறைய அடக்கி, கன்னம் உப்ப, ஆற்றுப் பக்கம் ஓடப் பார்த்தாள். அண்டாக்காரர் கண்டுபிடித்து விழுங்க வைத்தார். பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஏழாம் நாள் மழை பிடித்தது. மலையில் பெய்த தண்ணீர் ஒரே பகலில் ஆற்றைக் கரையோடு நிரப்பியது. பத்தொன்பது நாள் யாராலும் கடக்க முடியவில்லை. மலையிலிருந்து இறங்கும் பாதையும் அடைபட்டது. தினமும் கஞ்சி நேரத்துக்கு அக்கரையில் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். மழைக்குப் போணியைத் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு நிற்பார்கள். பெரியப்பா சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் நீச்சல் தெரிந்த ஒருவரின் இடுப்பில் வடத்தைக் கட்டி, தலையில் பானையோடு இறக்கினார். நடு ஆற்றில் பானை போய்விட்டது; ஆளை இழுத்துப் போடுவதே பெரும்பாடாகிவிட்டது. அதன் பிறகு பெரியப்பா கரையில் நின்று, "ஏலே, நனையாம வீட்டுக்குப் போங்கலே!" என்று கத்துவார். மிஞ்சிய கஞ்சி மாடுகளுக்குப் போயிற்று.

ராக்காயி புகையை எண்ணியது போல நான் பள்ளி ஜன்னலிலிருந்து போணிகளை எண்ணினேன். முதல் நாள் முப்பத்தொன்று. ஒரு வாரம் கழித்துப் பத்தொன்பது. பிறகு பன்னிரண்டு. ஏழு வந்த அன்று எனக்குப் பொறுக்கவில்லை. நேரே பெரியப்பாவிடம் போனேன்.

"மறுபடி பூக்கட்டிப் பாப்போம் பெரியப்பா. இந்தத் தடவ வேற புள்ளய எடுக்கச் சொல்லுங்க. நான் எடுத்ததுதான் தப்பு."

"என்னத்தா தப்பு?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டை இலையைச் சொன்னேன். "மறுநா அந்த இன்னொரு பொட்டலத்தயும் பிரிச்சுப் பாத்தேன் பெரியப்பா. அதுவும் வெள்ளதான். நான் கள்ளத்தனம் பண்ணுனதுக்கு ஆத்தா ரெண்டையும் வெளுத்துருச்சு."

வெற்றிலை மென்றுகொண்டிருந்த அவர் வாய் நின்றது. "ரெண்டயும் பாத்தியா?"

"பாத்தேன்."

"யார்ட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல."

வெற்றிலையை முற்றத்து மழையில் துப்பினார். பிறகு உள்ளே போய்க் கருப்பட்டித் துண்டு ஒன்றை எடுத்து வந்து என் கையில் வைத்தார். "சாமி காரியத்துல கள்ளத்தனம் பண்ணலாமாத்தா? பண்ணுனது பண்ணிட்ட. இனிமே வெளிய சொல்லிராத. சொன்னா கண்ணக் குத்திரும்." சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று வாசலை எட்டிப் பார்த்தார். என் கண்ணுக்காகப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். அவர் மேல் எனக்கு அதற்கு முன்போ பின்போ அவ்வளவு பாசம் வந்ததில்லை.

கார்த்திகை பிறந்து ஒரு வாரம் கழித்து ஆறு வடிந்தது. அதற்கடுத்த வாரம், திங்கட்கிழமை, ராக்காயி பள்ளிக்கு வந்தாள். வாத்தியார் பதிவைத் திறந்தார்; அவளைப் பார்த்தார்; வழக்கமான கேலியைச் சொல்லவில்லை. அக்கரைப் பெயர்களில் ஒன்றைக் கூப்பிடுவதும், பதில் வராமல் கோடு இழுப்பதுமாக இருந்தார். ராக்காயி சுவரோரம் நின்றாள். அவளுடைய இடது இடுப்பு வெளியே தள்ளியே இருந்தது. அதில் யாரும் இல்லை.

இடைவேளையில் அவளை வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போனேன். சொன்னால் கண் போய்விடும் என்று தெரியும். இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு சொன்னேன்.

"எம்மேல கோவப்படாதடி. நான் ஓட்ட எலையத்தான் எடுத்தேன். மறுநா மத்ததயும் பிரிச்சுப் பாத்தேன். அதுலயும் வெள்ளப் பூவுதான். ஆத்தா ரெண்டையும் வெளுத்துருச்சு."

கண்ணைத் திறந்தேன். கண் இருந்தது. ராக்காயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் வெள்ளயா?"

"ஆமா."

"உங்க பெரியப்பாட்டச் சொன்னியா?"

"சொன்னேன். யார்ட்டயும் சொல்லாதன்னாக. கருப்பட்டி குடுத்தாக."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மெதுவாகத் தொடங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மரத்தில் சாய்ந்து, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். பத்து நாளாக யாரும் சிரித்து நான் கேட்கவில்லை. அவள் வருத்தம் தீர்ந்துவிட்டது, என்னை மன்னித்துவிட்டாள் என்று எண்ணி, நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன்.